கெங்கையம்மனுக்கு லிஃப்ட்

ஆடி மாதத்தில் நல்ல காரியம் எதையும் தொடங்கக்கூடாது என்பார்கள். நான் தொடங்கியது நல்ல காரியம் இல்லை என்பதால் தைரியமாகத் தொடங்கினேன்.

என் பிக்கப் வண்டியை ஒரு சாண் உயரம் தூக்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

என் பெயர் துளசிராமன். ஊத்துக்கோட்டை பக்கத்தில் நெல், கொஞ்சம் கத்தரி. கத்தரிக்காயைக் கும்மிடிப்பூண்டி கம்பெனி கேன்டீன்களுக்கு இந்த வண்டியில்தான் கொண்டுபோவேன். அங்கே ஸ்டீபன் என்பவரின் பட்டறை வாசலில் ஒரு நாள் நான்கைந்து வண்டிகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் யானைக்குச் சித்தப்பா மாதிரி நின்றது. விசாரித்தேன். கம்பெனி மேனேஜர்கள் வண்டியைத் தூக்கிக்கொண்டு, வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எளாவூர் தாண்டி ஒரு தோப்பில் சேற்று ஓட்டப் போட்டி நடத்துகிறார்களாம். ஜெயித்தவருக்குக் கோப்பை. அந்தச் சேற்றுக்கு மோட்டார் போட்டுத் தண்ணீர் விடுகிறார்களாம்!

எனக்கு ரத்தம் கொதித்தது. சேற்றில் பிறந்தவன் நான். சேற்றில் வளர்ந்தவன் நான். ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவன் சேற்றுக்குக் கோப்பை வாங்குவதா? அன்றைக்கே பேர் கொடுத்துவிட்டேன்.

ஒரே ஒரு தடை. அதன் பெயர் சின்னப்பொண்ணு. என் மனைவி. போன வருஷம் ஒரு குஷியில் டிராக்டரை ஏரி மதகுக்குள் இறக்கிவிட்டேன். கிரேன் வந்து டிராக்டரைத் தூக்கியது. என்னை அவள் தூக்கினாள். இரண்டில் எது வலித்தது என்று கேட்காதீர்கள்.

"இன்னாய்யா, வண்டிய தூக்கப் போறியாமே?"

"ஆமா மே. ஏரிக்கரை ரோடு இன்னா லட்சணத்துல கீது? பள்ளத்துக்குப் பள்ளம் உன் இடுப்பு இன்னா பாடு படுது? எல்லாம் உன் இடுப்புக்காவத்தான்."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நெல்லு மூட்ட தூக்கிக்கினு கீறேன். அப்பல்லாம் என் இடுப்பு ஞாபகம் வரலியா?"

"அப்ப சஸ்பென்ஷன் பத்தி தெரியாது."

"சஸ்பென்சனா? அது ஆபீஸுல தப்பு பண்றவனுக்குத்தான குடுப்பாங்க?"

"இது வேற மே. ஸ்ப்ரிங்கு, ஷாக்கு எல்லாம் புச்சா மாத்தறது. குலுங்காது."

"ஷாக்கு வேற வெக்கறாங்களா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "சரி, பண்ணு" என்றாள்.

எங்கள் வீட்டில் 'சரி' என்பது சூரிய கிரகணம் மாதிரி. அபூர்வமாக வரும். வந்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். நான் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தேன்.

ஸ்டீபன் கைதேர்ந்தவர். முன்னால் புது ஸ்ப்ரிங், பின்னால் பட்டை ஸ்ப்ரிங்கில் கூடுதலாக ஒரு தகடு, நீள ஷாக் அப்சார்பர், தடித்தடியாக டயர். வண்டி எழுந்து நின்றபோது எனக்கே வணக்கம் சொல்லத் தோன்றியது.

"அண்ணே, தூக்குன வண்டிக்கு அலைன்மென்ட் பண்ணாம எடுக்கக்கூடாது. முன்சக்கரம் ரெண்டும் முட்டி வளைஞ்ச ஆளு மாதிரி நிக்குது பாருங்க. மெஷினு ரிப்பேரு. ரெண்டு நாள் பொறுத்துக்குங்க."

"சக்கரம் உருளுதா?"

"உருளும்ணே, ஆனா..."

"அது போதும்."

போதவில்லை. லிஃப்ட் பண்ணின வண்டி லெஃப்டிலேயே போனது. மாதர்பாக்கம் ரோட்டில் இடது பக்கம் எத்தனை டீக்கடை உண்டோ அத்தனைக்கும் என்னை இஸ்துக்கொண்டு போனது. கடைக்காரர்கள் பார்க்கிறார்களே என்று, டீ குடிக்கத்தான் திரும்பினேன் என்பதுபோல் இறங்கி இறங்கிக் குடித்தேன். வீடு வந்து சேர்ந்தபோது வலது தோளில் வலி. வயிறு நிறைய டீ. மறுபடி கும்மிடிப்பூண்டி. இப்படி அலையவிடுவதால்தான் அதற்கு அலைன்மென்ட் என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

சக்கரங்களில் கிளிப் மாட்டி, கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்து ஸ்டீபன் நேராக்கினார். திரும்பி வரும்போது டீக்கடைகள் என்னை ஏக்கமாகப் பார்த்தன. நான் நிற்கவில்லை.

சின்னப்பொண்ணு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு ஏறினாள். ஏறியவள் என் பக்கம் திரும்பி, "நவுரு" என்றாள். மதகு சம்பவத்துக்கு அப்புறம் எங்கள் வீட்டில் டிராக்டர் ஓட்டுவது அவள்தான். நவுர்ந்தேன்.

ஏரிக்கரையில் ஓட்டினாள். பள்ளம் வந்தது. போனது. வண்டி தொட்டில் மாதிரி ஆடி அடங்கியது. ஒரு நிமிஷம் ஸ்டீயரிங்கை விட்டுப் பார்த்தாள். நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது.

"ஊரே கீழ தெரியுதுய்யா! சேத்துல உட்டாக்கூட நிக்கும் போல."

"சேத்துலயா? எந்தச் சேத்துல?"

"நம்ம வயக்காட்டுச் சேறுதான்யா. உனுக்கு ஏன் வேர்க்குது?"

"வெய்யிலு."

வானம் மப்பாக இருந்தது.

போட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை. பொன்னேரிக்கு உரம் வாங்கப் போகிறேன் என்று சொல்லி வைத்தேன். அதற்கும் 'சரி' என்றாள். ஒரே மாதத்தில் இரண்டு கிரகணம். அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில் மேளச் சத்தம். எட்டிப் பார்த்தால் பாதி ஊர் நிற்கிறது. முன்னால் கெங்கையம்மன் கோயில் தர்மகர்த்தா மணவாளன், கையில் தாம்பாளத்தோடு.

"நைனா, உன் மனசு யாருக்கும் வராது!" என்று என்னைக் கட்டிக்கொண்டார்.

என் மனசு எங்கே போய் என்ன செய்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"சப்பரத்து அச்சு முறிஞ்சி போச்சு. அம்மன எதுல வெச்சி சுத்தறதுன்னு பேஜாரா இருந்தோம். உங்க ஊட்டம்மா வந்தாங்க. 'எங்க ஊட்டுக்காரரு வண்டிய ஒசரமா ஏத்தினதே அம்மனுக்காவத்தான். வெளிய சொல்லிக்க மாட்டாரு'ன்னாங்க."

திரும்பிப் பார்த்தேன். சின்னப்பொண்ணு தலையைக் குனிந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவ்வளவு அடக்கத்தை அவளிடம் கல்யாண மேடையில்கூட நான் பார்த்ததில்லை.

ஊரே பார்க்கும்போது, அம்மனுக்கு வண்டி கிடையாது என்று சொல்ல எவனால் முடியும்? "அதெல்லாம் இன்னாங்க..." என்று வழிந்தேன். அதற்குள் பூசாரி என் மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கும் வேப்பிலையும் வைத்துக் காப்பு கட்டிவிட்டார். அப்படியே ஏறிப்போய் ஸ்டீயரிங்குக்கும் ஒன்று கட்டினார்.

"காப்பு கட்டியாச்சி. திருவிழா முடியறவரிக்கும் ஊர் எல்லைய தாண்டக்கூடாது. நீயும்தான், வண்டியும்தான்" என்றார் மணவாளன்.

"ஞாயித்துக்கெழம எனுக்கு பொன்னேரில..."

"ஞாயித்துக்கெழமதான ஊர்வலமே!"

"உரத்த நான் ஆள உட்டு வாங்கிக்கறேங்க. அம்மன் வேலதான் முக்கியம்" என்றாள் சின்னப்பொண்ணு. கூட்டத்தில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. காரணம் வேறு.

ஞாயிற்றுக்கிழமை. அங்கே எளாவூரில் மேனேஜர்கள் சேற்றில் பறந்துகொண்டிருப்பார்கள். இங்கே நான் பம்பைக்காரர்களுக்குப் பின்னால், ஆமைக்கு வழிவிட்டுக்கொண்டு ஓட்டுகிறேன். முதல் தெருவில் எனக்கு அழுகையாக வந்தது.

இரண்டாவது தெருவில் அந்தப் பெரிய பள்ளம். போன வருஷம் அந்த இடத்தில்தான் சப்பரம் சாய்ந்து கிரீடம் கீழே விழுந்ததாம். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. நானும் பிடித்துக்கொண்டேன். மெதுவாக முன்சக்கரத்தை இறக்கினேன். ஸ்ப்ரிங் அழுந்தியது. எழுந்தது. பின்சக்கரம் இறங்கியது. ஏறியது. அம்மன் காலடியில் எரிந்த விளக்கு அப்படியே எரிந்தது.

ஊரே குலவை போட்டது. யாரோ எனக்கும் ஒரு மாலை போட்டார்கள். பக்கத்தில் தாம்பாளத்தோடு உட்கார்ந்திருந்த சின்னப்பொண்ணு என் நெற்றியில் குங்குமம் வைத்தாள். "நல்லா ஓட்டறய்யா" என்றாள். நான் ஓட்டுவதை அவள் பாராட்டியது அதுதான் முதல் தடவை. மேனேஜர்கள் கோப்பையை வைத்துக்கொள்ளட்டும் என்று தோன்றியது. மூன்றாவது தெருவிலிருந்து சிரித்துக்கொண்டேதான் ஓட்டினேன்.

வீட்டுக்கு வந்து கூழ் குடிக்கும்போது கேட்டுவிட்டேன்.

"மே, எளாவூரு சமாச்சாரம் உனுக்கு எப்பிடித் தெரியும்?"

வெங்காயத்தை என் பக்கம் தள்ளினாள். "வண்டிய தூக்கறதுக்கு முன்னாடியே ஸ்டீபன் போன் பண்ணாரு. நீ போன ஊட்லயே வெச்சிட்டு வயலுக்குப் போய்ட்ட. போட்டிக்கு ஹெல்மெட்டு வாங்கணும், சைஸு வேணும்னாரு. 'இன்னா தம்பி போட்டி'ன்னு கேட்டேன். பாவம், நல்ல மனுஷன். எல்லாத்தையும் சொல்லிட்டாரு."

"அப்பவே சண்ட போட்டிருக்கலாம்ல?"

"போட்டா திருட்டுத்தனமா போவ. அம்மன் நிறுத்தினா நிப்ப."

வெங்காயத்தைக் கடித்தேன்.

"காலைல மறுபடி போன் பண்ணாரு. மோட்டாரு பூட்ச்சாம். தண்ணி இல்லாம சேறு ஆவல. போட்டிய ஆவணிக்குத் தள்ளி வெச்சிட்டாங்களாம்."

எனக்குள் ஒரு ஸ்ப்ரிங் துள்ளி எழுந்தது. ஆவணி! காப்பு அவிழ்த்திருப்பார்கள். எல்லை கிடையாது. அவளும் இன்றைக்கு நல்ல மனநிலையில் இருக்கிறாள். இதைவிட நல்ல நேரம் வராது.

"அப்ப... ஹெல்மெட்டு சைஸு சொல்லிட்டியா மே?"

"சொல்லிட்டேன்யா" என்றாள், கூழ்ச் சட்டியை மூடிக்கொண்டே. "என் தல சைஸு."