நான்கு வெள்ளைக் கம்பிகள் சோடி சேர்ந்த படலம்

கரிசல் வெடித்துக் கால் மறிக்கும் திருச்சுழிச் சீமையின் திலகமே, பட்டா சிட்டா அடங்கல் எனும் முப்பெரும் ஓலைகளை மூன்றே தட்டில் வரவழைக்கும் விரல்வேந்தே, கம்ப்யூட்டர்க்கடைக் காசிராஜ, நின் புகழ் பாடப் புகுந்தோம். பிழை இருப்பின் பொறுத்தருள்க.

அன்று பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள். மாலை ஐந்தோடு பதிவு மூடும். போன வருஷ அடைமழைக்கு மக்காச்சோளத்தை வாரிக் கொடுத்து, காப்பீடும் இல்லாமல் கைபிசைந்து நின்ற கருத்தப்பாண்டி, இம்முறை நான்கு ஏக்கரின் தாள்களையும் மஞ்சப்பையில் ஏந்தி நாலு மணிக்கு வந்தமர்ந்த அந்நேரம் பார்த்தன்றோ, மொட்டைமாடி வழி வந்த நெட் ஒயரை அணிலொன்று வஞ்சகமாய்க் கடித்துத் துண்டித்தது.

வெகுண்டெழுந்தான் வீரன். கத்தரிக்கோல் வாளாக, கறுப்பு டேப்பே கேடயமாக ஏணியேறி, பகைவனைக் காணாது பல்லைக் கடித்து, அப்பல்லாலேயே ஒயரின் இருமுனைத் தோலையும் உரித்து, உள்ளே வண்ணமொன்று வெள்ளையொன்று எனச் சோடி சோடியாய் முறுக்கிக் கிடந்த எட்டுக் கம்பிகளையும், எதிலும் ஒழுங்கு பார்க்கும் தன் இயல்பின்படி, சிக்கெடுத்த கூந்தல்போல் பிரித்து நீவி வைத்தான். அங்கேதான் விதி சிரித்தது. ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு நால்வரும் மறுமுனையிலிருந்த தத்தம் நிறத்தாரைத் தழுவிக்கொள்ள, எஞ்சிய நால்வரோ, மலிவு ஒயராதலின் அடையாளக் கோடேதுமின்றி, வெள்ளைவெளேரென ஒரே சாயலில் நின்றனர்.

குத்துமதிப்பாய்க் கோத்தான், கீழே மோடத்தில் விளக்கு எரியவில்லை. மாற்றிக் கோத்தான், எரியவில்லை. கரும்புக்காடு புகுந்த களிறென உழக்கிப் பதினோரு முறை மாற்றியும், விளக்கு செத்த மீன்கண்ணாய்க் கிடந்தது. மணி நாலே முக்கால்.

"அண்ணாச்சி, எரியுதா எரியுதான்னு எத்தன தடவதான் குனிஞ்சு பாக்குறது. இடுப்பு போச்சு" என்று கீழிருந்து முழங்கினார் கருத்தப்பாண்டி.

"நாலும் ஒண்ணுபோல வெள்ளையா நிக்கிதுண்ணே. எதுக்கு எது சோடின்னு நான் என்னத்தக் கண்டேன்" என்று மாடியினின்று பிரகடனம் செய்தான் காசிராஜன்.

ஏணி வழியே தலைநீட்டிய கருத்தப்பாண்டி, கண்ட மாத்திரத்தில் உரைத்தார்: "முறுக்க நீங்கதான பிரிச்சு விட்டீக. இன்னும் ஒரு சாண் உரிங்க. உள்ள சோடி பிரியாமத்தான கெடக்கும்."

நாணித் தலைகவிழ்ந்த வீரன் மீண்டும் தோலுரிக்க, வெள்ளையர் நால்வரும் தத்தம் வண்ணத் துணையைத் தழுவியபடி வெளிப்பட, உரியவரோடு உரியவரை முறுக்கி டேப்பால் கச்சை கட்டிய கணமே, கார்காலத்து முதல் தளிரெனப் பச்சை விளக்கு எழ, ஐந்துக்கு நான்கு நிமிடம் இருக்கையில், கருத்தப்பாண்டியின் நான்கு ஏக்கரையும் காக்கும் ரசீது, சூடு ஆறாமல், வெற்றிக்கொடியென அச்சுப்பொறியினின்று புறப்பட்டது.

மறுநாள் காசிராஜன் புது ஒயர் வாங்கி மாட்டினான்.