ஊர் சுற்றிய பச்சை யானை

காலையிலிருந்து சிங்காரவேலின் போன் ஓயவில்லை. ஷிப்ட் பஸ்ஸில் வருகிற அத்தனை பேரும் இருக்கும் வாட்ஸப் குரூப்பில் அவர் ஒரு பச்சைத் துணி யானையின் படத்தைப் போட்டிருந்தார். ஏழு பேர் விலை கேட்டுவிட்டார்கள்.

"விக்கிறதுக்கு இல்லீங்க! கடைசி சீட்டுக்கு அடியில கெடந்துச்சு. எந்தக் கொழந்தை தேடி அழுவுதோ" என்று எட்டாவது ஆளிடம் சொல்லி முடித்தபோது அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

மனைவி புவனா படத்தை எட்டிப் பார்த்தாள். "ஊறுகா பாட்டில் பக்கத்துல நிக்க வெச்சா விலை கேக்காம என்ன செய்வாங்க? அதுவும் பாதி படத்துல உங்க கட்டைவிரல்."

மைன்ஸில் இருபத்தாறு வருடமாக ராட்சத இயந்திரம் ஓட்டிய கட்டைவிரல் அது. சின்ன போனுக்குள் அடங்கவில்லை.

அப்போது ஒரு புது நம்பரிலிருந்து செய்தி வந்தது. பெயர் இல்லை, ரோஜாப்பூ படம் மட்டும்.

'யானை மூஞ்சி தெரியல. பார்க்குல எடுங்க.'

"யாருங்க இது?"

"தெரியலியே."

"ஆபீசராத்தான் இருக்கும். ஒரு வணக்கம் இல்ல, நேரா குத்தம் சொல்றாரு பாருங்க."

படம் நன்றாக வந்தால் குழந்தையின் கண்ணில் படுமே என்று, 'சரிங்க சார்' என்று பதில் போட்டார் சிங்காரவேல்.

பார்க்கில் எடுத்த படத்துக்கும் உடனே உத்தரவு வந்தது: 'சும்மா நிக்குது. சறுக்குல ஏத்துங்க.'

'சரிங்க சார்.'

சறுக்குமரத்தின் உச்சிக்கு ஏறியவர், யானையை உட்கார வைப்பதற்குள் தானே சறுக்கி மணலில் வந்து விழுந்தார். நடைப்பயிற்சிக்கு வந்த யாரோ அதைப் படம்பிடித்துக் குரூப்பில் போட்டுவிட்டார்கள்.

ஆபீசர் எழுதினார்: 'இது சூப்பர். இன்னொரு தடவை விழுங்க.'

"மனுஷனா அவரு?" என்றாள் புவனா, தைலத்தைத் தேய்த்துக்கொண்டே.

அடுத்த உத்தரவு, 'கோயில்ல எடுங்க.' சிங்காரவேல் மண்டபத்துத் தூணோரம் யானையை வைத்தார். குருக்கள் அன்போடு அதன் நெற்றியில் விபூதி பூசினார். அதைப் பார்த்த ஒரு அம்மாள் வாழைப்பழம் வைத்துக் கும்பிட்டாள். பின்னாலேயே நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பொம்மையைத் திரும்ப எடுக்கப் போனவரை, "சாமியத் தொடாதய்யா!" என்று ஒரு பெரியவர் அதட்டினார். வரிசை கலைய முக்கால் மணி நேரம் ஆயிற்று.

ஆபீசர் எழுதினார்: 'பழத்த உரிச்சுக் குடுங்க.'

இதற்குள் குரூப்பே இரண்டுபட்டிருந்தது. தும்பிக்கை இடப்பக்கம் இருக்க வேண்டும் என்று ஏ ஷிப்ட் சொன்னது. வலப்பக்கம்தான் அழகு என்றது பி ஷிப்ட். யானை யாருடையது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

மாலையில் விளக்கேற்றிக் கும்பிடும்போது சிங்காரவேலுக்கு மனசு கேட்கவில்லை.

"நாம வெளையாடிகினு இருக்கோம், புவனா. அங்க ஒரு கொழந்தை ஏங்கிப் போயிருக்கும். தெய்வம் பொறுக்குமா?"

'மன்னிக்கணும் சார். இனிமே படம் இல்லை. நாளைக்கு யானையை டிப்போவில் ஒப்படைக்கிறேன்' என்று எழுதினார்.

'கூடாது' என்று வந்தது.

இருபத்தாறு வருட சர்வீஸில் முதல் முறையாக, ஒரு ஆபீசருக்கு அவர் 'சரிங்க சார்' போடவில்லை.

மறுநாள் காலை, பஸ்ஸில் அவர் பக்கத்தில் தயங்கித் தயங்கி வந்து நின்றாள் அமிர்தம். மைன்ஸ் ஆபீஸில் பெருக்குகிற கான்ட்ராக்ட் தொழிலாளி.

"அண்ணே, அந்த யானை எங்க பொண்ணுதுங்க. ஆஸ்பத்திரியில கால்ல மாவுக்கட்டு போட்டுகினு வர்றப்ப, இந்த பஸ்ஸுல வுட்டுட்டோம்."

"அட கடவுளே! நேத்தே கேட்டு வாங்கியிருக்கலாம்ல, தாயி?"

"கேக்கத்தாங்க வந்தேன். பொண்ணுதான் வேணாம்னுடுச்சு. நம்மளாலதான் வெளிய எறங்க முடியல, யானையாவது ஊரு சுத்திட்டு வரட்டுமேன்னுது. நீங்க சறுக்குல வுழுந்தத பாத்துட்டு, கட்டு போட்ட வலியெல்லாம் மறந்து அப்பிடி ஒரு சிரிப்பு."

சிங்காரவேலின் கண் கலங்கியது. பையிலிருந்து யானையை எடுத்து நீட்டினார். அமிர்தம் வாங்கவில்லை.

"கட்டுப் பிரிக்க இன்னும் பத்து நாளு இருக்குதுங்க. இன்னிக்கு ரயிலு காட்டணுமாம். சார் சொல்லியனுப்பிச்சாரு."

"எந்த சாரு?"

அமிர்தம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்:

"நீங்க நேத்தெல்லாம் 'சரிங்க சார்'னு போட்டீங்களே, அவருதாங்க. ஒண்ணாங்கிளாஸு படிக்கிறாரு."