விசில் மண்டோரின் சின்னக் கேங்கு

இரண்டு வயதுப் பிள்ளையை வேலைக்குத் தாமதமாக வந்ததற்காகக் கண்டித்த மனிதர் கேமரன் மலையில் ஒருவர்தான் உண்டு. உலகத்திலும் வேறு எவரும் இருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். எங்கள் தோட்டத்தில் அவருக்கு விசில் மண்டோர் என்று பெயர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம்.

மண்டோர் என்றால் கங்காணி; தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஆட்களை விசிலடித்தே மேய்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றவில்லை. ஆயாக் கொட்டகையில் வேலையாட்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆயா, மகள் பிரசவத்துக்காக ஈப்போ போனபோது, "கொஞ்ச நாளைக்குப் பாத்துக்குங்க மண்டோர்" என்று தோட்டத் துரை சொன்னார். ஆயா அங்கேயே தங்கிவிட்டார். துரை மறந்துவிட்டார். மண்டோர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அவருக்குத் தெரிந்தது ஆட்களிடம் வேலை வாங்குவது மட்டும். பிள்ளைகளிடமும் அப்படியே வாங்கினார். காலையில் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. ஸ்வெட்டரும் குல்லாயுமாக எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். மூக்கு ஒழுகலாம், வரிசை கலையக்கூடாது. பிறகு ஆளுக்கொரு குட்டிக் கூடை. புல்லில் இறைந்து கிடக்கும் பிளாஸ்டிக் பந்துகளைப் பொறுக்கி, தேயிலைச் செடிக்கடியில் தவழ்ந்து, ஓடிவந்து தராசில் கொட்ட வேண்டும். ஒருவன் பந்துகளோடு தன் செருப்பையும் சேர்த்துக் கொட்டினான். மண்டோர் அதைத் தூக்கிப் பார்த்தார்.

"கொழுந்துல குச்சி கலந்திருக்கு லா. பேக்டரியில எடுக்க மாட்டான்."

சாயங்காலம் லோரி ஆட்டம். ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறுவார்கள். மண்டோர் விசிலடித்து "கோஸ்தான்" என்பார். லோரி பின்பக்கமாக இறங்கும். கடைசிப் பிள்ளை தொப்பென்று உட்கார, அதன்மேல் அடுத்தது உட்கார, முழு லோரியும் புல்லில் கிடக்கும்.

"லோட் ஓவர் லா," என்பார் மண்டோர், சிரிக்காமல். பிள்ளைகள் மறுபடியும் மேடேறுவார்கள்.

இந்தக் கேங்கில் வேலை செய்யாத ஒரே ஆள் என் மகள். இரண்டு வயது நெருங்கியும் அவள் நடக்கவில்லை. நிற்க வைத்தால் மடங்கி உட்கார்ந்துவிடுவாள். தானா ராத்தா ஆஸ்பத்திரியில், காலில் ஒரு குறையும் இல்லை, சில பிள்ளைகள் தாமதம்தான் என்றார்கள். ஆனாலும் மற்ற பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்தால் என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மண்டோர் அவளைத் தராசுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார வைத்தார்.

"உக்காந்த வேலைக்கும் ஒரு ஆளு வேணும்ல. கிராணியா போட்டுட்டேன்," என்றார்.

நான்தான் இந்தத் தோட்டத்தின் கிராணி. ஆபீசில் உட்கார்ந்து கணக்கெழுதுவது என் பிழைப்பு. என் மனைவி அன்றைக்கே அதை எடுத்துக் காட்டினாள்.

"நாக்காலியக் குடுத்துட்டா யாருதான் எந்திரிப்பா? நீங்க எந்திரிச்சீங்களா? போயி மண்டோர்கிட்ட சொல்லுங்க."

மறுநாள் சொல்லப் போனேன். மண்டோர் வாத்து நடை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். முழங்காலை மடக்கிக் குந்தியபடி கொஞ்ச தூரம் போனார். பனியில் நனைந்த புல். பூட்ஸ் வழுக்கி மல்லாக்க விழுந்தார். வாத்து இப்படித்தான் நடக்கும்போல என்று மொத்தக் கேங்கும் மல்லாந்து படுத்தது.

என் மகளுக்கு மட்டும் இது சரியாகப் படவில்லை. கையூன்றி நாற்காலியிலிருந்து இறங்கினாள். நின்றாள். ஆடி ஆடி நடந்துபோய், மண்டோரின் முகத்துக்கு மேல் குனிந்து, "ஏந்தி" என்றாள், எந்திரி என்பதற்கு.

நான் அவரைத் தூக்கிவிட ஓடினேன். படுத்தபடியே கை காட்டித் தடுத்தார்.

"அங்கயே நில்லுங்க கிராணியாரே. நான் எந்திரிச்சா அது உக்காந்துரும்."

அவள் அவரைச் சுற்றி வந்தாள். விழுந்தாள். அவர் வயிற்றைப் பிடித்து எழுந்து மறுபடியும் சுற்றினாள். தூறல் விழுந்தது. மற்ற பிள்ளைகளை நான் கொட்டகைக்குள் ஓட்டினேன். மண்டோர் தன் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் கவிழ்த்துவிட்டு, முகத்தில் மழை விழ, அப்படியே கிடந்தார்.

"இடுப்பு வலிக்குதா மண்டோரே?" என்றேன்.

"வலிக்குது. சின்னக் கிராணியம்மா வேலையா இருக்காங்க, தொந்தரவு பண்ணாதீங்க."

அன்று பிடித்த சளி அவருக்கு இன்னும் விடவில்லை. என் மனைவி இஞ்சி தட்டிப் போட்டுத் தரும் தேநீரை நான்தான் காலையில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். எதற்கு என்று அவர் கேட்பதில்லை. அந்த மனிதர் தும்மினால் எனக்குத் தாங்காது.