பொய் சொல்லாத அண்ணாச்சி

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு மனித இனம் உண்டு. பொய் சொல்லாது, 'மேனேஜ்' பண்ணும். வாக்குத் தவறாது, 'பிளான் சேஞ்ச்' ஆகிவிடும். யாரையும் ஒதுக்காது, 'அவாய்ட்' பண்ணும். தமிழில் சொன்னால் நாக்கைச் சுடுகிற காரியம் இங்கிலீஷில் சொன்னால் ஆறிப்போகும் என்பது இந்த இனத்தின் கண்டுபிடிப்பு. அதே காரியத்தை அடுத்தவர் செய்தால் மட்டும் சுத்தத் தமிழ் பொங்கி வரும்: பித்தலாட்டம், துரோகம், நன்றிகெட்டதனம். அப்போது என்ன உச்சரிப்பு!

நாறும்பூநாதன் அண்ணாச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்காசியில் சொந்த வீடு. குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால், துண்டும் மாற்றுத்துணியுமாகச் சொந்தக்காரர்கள் வந்து இறங்காத வீடு தென்காசியில் ஏது? சிவகிரியில் கட்டிக்கொடுத்த தங்கை வடிவாம்பாளும் வருவதாக நாள் சொல்லிப் போன் பண்ணினாள். அம்மா போனபிறகு முதல் சீசன். அதே நாளில்தான் அண்ணாச்சியின் மேலதிகாரியும் குடும்பத்தோடு வந்து தங்குவதாக ஏற்பாடு.

அண்ணாச்சி தடுமாறவே இல்லை. "வீட்டுல பெயிண்ட் அடிக்காங்க வடிவு. ஒரே வாடை. ஒனக்கு வீசிங் வேற."

"கூடப் பொறந்தவகிட்டயா பொய் சொல்லுதிய?" என்றாள் மனைவி சுகந்தி.

"பொய்யா? ஏட்டி, மேனேஜ் பண்ணுதேன்."

வடிவாம்பாள் பக்கத்து வீட்டுக்காரர்களோடு வேன் ஏறி, குளித்துவிட்டு அப்படியே திரும்பிவிடலாம் என்று வந்தாள். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் முன்னால், மேலதிகாரிக்குப் பக்கத்தில், தலைமுதல் கால்வரை மின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அண்ணாச்சி.

"பெயிண்ட் வீட்டுக்குன்னுல்லா நெனச்சேன். ஒனக்கா அண்ணே?"

மேலதிகாரி சிரித்துவிட்டார்.

"ஸாரி வடிவு. சின்ன கம்யூனிகேஷன் கேப்."

"அந்த எளவெல்லாம் எனக்குத் தெரியாது. 'பொய் சொல்லிட்டேன்'னு சொல்லு, இப்பமே வீட்டுக்கு வாரேன். அம்மாவும் இல்ல. பொறந்த வீடுன்னு எனக்கு இருக்கது அது ஒண்ணுதான?"

அண்ணாச்சி வாயைத் திறந்தார். 'பொ...' வரைக்கும்தான் வந்தது. மூடினார். மறுபடி திறந்து, "டென்ஷன் ஆகாத வடிவு" என்றார்.

அவள் ஈரத்துணியைப் பிழிந்து பையில் போட்டுக்கொண்டு வேனுக்குப் போய்விட்டாள். அடுத்த சீசனுக்கு போனும் வரவில்லை.

"அவ ஓவர் ரியாக்ட் பண்ணுதா" என்று சுகந்தியிடம் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சிரித்தீர்கள்தானே? நல்லது. 'கொஞ்சம் பிஸி', 'நெட்வொர்க் இல்ல' என்று நீங்கள் கடைசியாக யாரிடம் சொன்னீர்களோ, அதைத் தமிழில், உள்ளது உள்ளபடி, ஒருதரம் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து.