விசாரணை மன்னர் வீடு மாறிய கதை

விசாரிப்பவர்கள் என்று ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. அடையாளம் கண்டுகொள்வது சுலபம். ஒரு சோப்பு வாங்கக் கடைக்குப் போவார்கள். கடைக்காரர், கடைக்காரருக்குச் சோப்பு கொண்டுவந்து போட்டவர், போன வாரம் அதே சோப்பை வாங்கியவர், வாங்கலாமென்று எடுத்துப் பார்த்து மனம் மாறித் திரும்ப வைத்தவர் என்று எல்லாரையும் பிடித்துக் கேள்வி கேட்டுவிட்டு, கடைசியில் அன்றைக்குக் குளிக்காமலே படுத்துக்கொள்வார்கள். ஏன் என்று கேட்டால், "அவசரப்பட்டு முடிவெடுக்கக் கூடாது பாருங்க" என்பார்கள். முடிவெடுத்தால்தானே ஐயா அவசரப்படுவதற்கு?

இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் பூகோளம் கற்பிக்கிறவர். தெருவில் அவருக்கு 'விசாரணை மன்னர்' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது யார் என்றும் அவர் வீடு வீடாக விசாரித்தார். அதனால் பெயர் இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது.

மன்னரின் மனைவி ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். நாட்டின் மறுகோடியில் இருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு மேல்பதவி கிடைத்தது. அதே ஊரில் மன்னருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. புது வீடு பார்த்து முடித்தாகிவிட்டது. மனைவி பார்த்தாள், அதனால்தான் முடிந்தது. பாக்கி இருந்தது இரண்டே காரியம். சாமான்களை ஒரு லாரியில் அனுப்ப வேண்டும், காரை இன்னொரு லாரியில் அனுப்ப வேண்டும்.

இந்தக் காரைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சை நிறம், சின்ன உருவம், நடுத்தர வயது. யாராவது அதன் கதவைச் சற்று ஓங்கிச் சாத்திவிட்டால் மன்னர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். மழை நாளில் வெளியே எடுக்க மாட்டார், நனைந்துவிடும். வெயில் நாளிலும் எடுக்க மாட்டார், நிறம் மங்கிவிடும். மேகமூட்டமாகவும் இருந்து, மழையும் வராது என்று உறுதியாகத் தெரிந்தால் கடைத்தெரு வரைக்கும் ஒரு நடை போய்வருவார். அப்பேர்ப்பட்ட காரை அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு போவதா? கூடவே கூடாது. லாரியில்தான் போக வேண்டும். சரி, யாருடைய லாரியில்? யாரை நம்பி?

மன்னர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு களத்தில் இறங்கினார்.

முதலில், வாடிக்கையாளர்கள் இணையத்தில் எழுதிவைத்த அபிப்பிராயங்களைப் படித்தார். ஒரு கம்பெனியைப் பலர் திட்டியிருந்தார்கள். தள்ளிவிட்டார். இன்னொன்றை எல்லாரும் வானளாவப் புகழ்ந்திருந்தார்கள். "இத்தனை பேர் ஒரே மாதிரி நல்லா இருக்குன்னு சொன்னா, உள்ளே ஏதோ இருக்கு" என்று அதையும் தள்ளினார். மூன்றாவது கம்பெனியைப் பற்றி யாருமே ஒன்றும் எழுதவில்லை. மன்னருக்கு முகம் வெளிறிவிட்டது.

"பாரு, ஒருத்தர்கூட வாயத் திறக்கல. உயிரோட இருந்தா சொல்லாம இருப்பாங்களா?"

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நாள் நெருங்குதுங்க" என்றாள்.

பிறகு தொலைபேசி விசாரணை. லாரிக்கு எத்தனை சக்கரம், டிரைவருக்குக் கண் பார்வை எப்படி, பாட்டுக் கேட்டுக்கொண்டே ஓட்டுவாரா, கேட்பாரென்றால் சோகப் பாட்டா குதூகலப் பாட்டா என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஒரு கம்பெனி மானேஜரிடம், "டிரைவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்றும் கேட்டார்.

"ஆயிடுச்சு சார்."

"அப்ப வேணாம். வீட்டுக்குப் போகணும்னு வேகமா ஓட்டுவார்."

"ஆகாத டிரைவரும் இருக்கார் சார்."

"அவருக்கு என்ன அவசரம்? வழியெல்லாம் நின்னு நின்னு போவார்."

மானேஜர், தன் மகனுக்கு இன்னும் பெண் அமையவில்லையே என்ற கவலையில் இருந்தவர், போனை வைத்துவிட்டார்.

ஒரு கம்பெனி தெரியாத்தனமாகத் தன் பழைய வாடிக்கையாளர் ஒருவரின் முகவரியைக் கொடுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை மன்னர் அந்த வீட்டுக்குப் போய், கதவைத் திறந்த அம்மாளுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு, நேராக உள்ளே நுழைந்து அலமாரிக்கு அடியில் குனிந்தார்.

"இந்தக் கால் ஏம்மா ஆடுது?"

"அது வாங்கும்போதே ஆடுச்சு. நீங்க யாரு?"

"சொல்றேன். இந்தக் கீறல்?"

"எங்க வீட்டுக்காரர் சாவியத் தொலைச்சுட்டுக் கம்பியால நெம்பினாரு."

"அப்ப லாரிக்காரங்க ஒண்ணுமே உடைக்கலியா?"

"இல்லையே."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

அந்த அம்மாள் நன்றாக யோசித்து, வெளியே போகச் சொன்னாள். மன்னர் வீடு திரும்பி, "அந்தம்மா கம்பெனிக்காரனுக்குச் சொந்தம். பேச்சுலயே தெரிஞ்சு போச்சு" என்று தீர்ப்பு வழங்கினார்.

இப்படியே போய்க்கொண்டிருந்ததில், ஒரு நாள் மன்னருக்கே ஒரு விஷயம் உறைத்தது. அவர் எந்தக் கம்பெனிக்குப் போன் போட்டாலும், குரலைக் கேட்டவுடனே லாரி இல்லை என்றார்கள்.

"அந்த வாரம் லாரி இல்லை சார்."

"எந்த வாரம்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே?"

"எந்த வாரம் சொன்னாலும் இல்லை சார்."

ஊரிலுள்ள லாரிக் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து மன்னரை விசாரித்துவிட்டன! போட்டிக் கம்பெனிகளுக்குள் அப்படி ஓர் ஒற்றுமை அதற்கு முன் இருந்ததில்லையாம்.

மனைவி வேலையில் சேர வேண்டிய நாள் கண்ணுக்கெதிரே வந்து நின்றது. சேராவிட்டால் பதவி வேறொருத்திக்குப் போய்விடும். அன்று காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, ஒரு கையால் செருப்பின் வாரைப் பூட்டிக்கொண்டே மறு கையால் தன் போனை எடுத்தாள். என்றைக்கு வந்து சேரும், உடைந்தால் யார் பொறுப்பு, இதையெல்லாம் எழுத்தில் தருவீர்களா என்று மூன்று கேள்வி கேட்டாள். அடுத்த செருப்பை மாட்டுவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. சாமானுக்கு ஒரு லாரி, காருக்கு ஒரு லாரி.

மன்னர் ஆடிப்போய்விட்டார். "எதை வச்சு இந்தக் கம்பெனியத் தேர்ந்தெடுத்தே?"

"முதல் மணியிலயே எடுத்தாங்க."

"அவ்வளவு சும்மா உக்காந்திருக்காங்கன்னா, என்ன கம்பெனி அது?"

அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். அவளுக்கு வேலை இருந்தது.

புறப்படும் நாளும் வந்தது. சாமான் லாரி முந்தின நாளே போய்விட்டது. மனைவி ரயிலேறினாள். மன்னர் ஏறவில்லை. காரைத் தனியே அனுப்ப மனசு கேட்கவில்லையாம். லாரிக்குப் பின்னாலேயே கண்காணித்துக்கொண்டு வரப்போகிறாராம். அதற்காக மனைவியின் தம்பியைப் பிடித்தார். யாருக்கும் முடியாது என்று சொல்லத் தெரியாத பிள்ளை. புதுக் கார் வாங்கியிருந்தான். கார் தேய்ந்துவிடக் கூடாதென்று லாரியில் ஏற்றிவிட்டு, அந்த லாரிக்குப் பின்னால் மச்சானின் காரைத் தேய்ப்பது என்ன கணக்கு என்று கேட்காதீர்கள். மன்னர் கற்பிப்பது பூகோளம்.

லாரி என்றால் இரண்டடுக்கு லாரி. மேலும் கீழுமாகக் கார்கள். பச்சைக் காரைத் தூசி படாமல் இருக்கச் சாம்பல் நிற உறை ஒன்றால் தலை முதல் கால் வரை போர்த்தினார் மன்னர். அதன் காதில் ஏதோ சொன்னதுபோலவும் இருந்தது.

முதல் நிறுத்தத்தில் லாரி டிரைவர் இறங்கிவந்து கேட்டார். "என்ன சார், பின்னாடியே வர்றீங்க? எதையாவது மறந்துட்டீங்களா?"

"இல்லப்பா, சும்மா துணைக்கு."

"எனக்கா, காருக்கா?"

"பொதுவா."

இரண்டு நாள் முழுக்கத் துணைக்குப் போனார்கள். "இன்னும் கிட்டப் போ மாப்ளே, கிட்டப் போ" என்று மன்னர் விரட்டியதில், லாரிச் சக்கரத்திலிருந்து தெறித்த சரளைக்கல் ஒன்று மச்சான் காரின் முன்கண்ணாடியில் விரிசல் போட்டது. மச்சானுக்கு அழுகை வந்தது. "அந்தக் கல்லு என் கார் மேல பட்டிருந்தா என்னாயிருக்கும், நினைச்சுப் பாரு மாப்ளே" என்று மன்னர் ஆறுதல் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை, ஒரு பெட்ரோல் பங்க்கில் லாரி நின்றது. மன்னர் முகம் கழுவப் போனார். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், லாரி சாலையில் ஏறி வளைவில் திரும்பிக்கொண்டிருக்கிறது! மேலடுக்கில் சாம்பல் நிற உறை தெரிகிறது!

"விடாதே மாப்ளே! பிடி!"

"மாமா, நம்ம லாரி அந்தப் பக்கம்..."

"பேசாதே! ஓட்டு!"

மச்சான் ஓட்டினான். சூரியன் இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லாமல் வேறு பக்கத்தில் இருந்தது. மச்சான் இரண்டு முறை அதைச் சுட்டிக்காட்டினான். "பூமி சுத்துது இல்ல? அப்படித்தான் இருக்கும்" என்றார் மன்னர். லாரி ஒரு குறுகிய கேட்டுக்குள் நுழைந்தது. இவர்களும் நுழைந்தார்கள், பக்கக் கண்ணாடி ஒன்றை மட்டும் வெளியே விட்டுவிட்டு. கார் இறக்கும் முற்றம். மன்னர் குதித்து ஓடி, "மெதுவா! மெதுவா! குழந்தைய இறக்கற மாதிரி!" என்று கூவினார். இறக்கினார்கள். உறையை உருவினார்கள்.

உள்ளே சிவப்புக் கார்.

"என் பச்சைக்கு என்ன பண்ணீங்க!" என்று மன்னர் அலறவும், "என் கார் மேல கைய வைக்கறது யாரு?" என்று இன்னொரு குரல் அலறவும் சரியாக இருந்தது. சிவப்புக் காரின் சொந்தக்காரர், ஒரு பல் டாக்டர். விடிந்ததிலிருந்து அங்கேயே காத்திருக்கிறார். டிரைவரின் பல்வரிசையைப் பார்த்தே நம்பலாமா கூடாதா என்று சொல்லிவிடுவாராம். ஐந்து நிமிஷம் ஒருவரை ஒருவர் சந்தேகித்தார்கள். ஆறாவது நிமிஷம் புரிந்துவிட்டது. ஓரினம்! பிறந்ததிலிருந்து பிரிந்திருந்த அண்ணன் தம்பி மாதிரி தோளில் கை போட்டுக்கொண்டு, உலகத்தில் யாரையும் நம்ப முடியவில்லை என்று மதியம் வரை பேசி மகிழ்ந்தார்கள். மச்சான் காருக்குள் தூங்கினான்.

அப்போது மனைவியின் போன் வந்தது.

"எங்கே இருக்கீங்க?"

"லாரிக்குப் பின்னாடியே வந்துட்டிருக்கேன். நீ கவலைப்படாதே."

"எந்த லாரிக்கு? கார் வந்து இறங்கியாச்சு. நான் அதை எடுத்துட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன்."

மன்னர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "கதவ மெதுவாத்தானே சாத்தினே?"

ஒரு வழியாக மன்னர் புது வீடு போய்ச் சேர்ந்தபோது, கட்டில் கட்டிலின் இடத்தில் இருந்தது, ஜன்னலில் திரை தொங்கியது, மனைவி பதவியேற்று வேலைக்கே போய்வரத் தொடங்கிவிட்டாள். மன்னர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு பச்சைக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு கீறல் இல்லை. ஒரு தம்ளர்கூட உடையவில்லை. அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மச்சான் தன் காரை ஒரு முறை பார்த்தான். மாமாவை ஒரு முறை பார்த்தான். "நான் ரயில்ல போறேன் மாமா. என் காரை நல்ல லாரியாப் பார்த்து அனுப்பி வைங்க" என்று வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் இஷ்டத்தைச் சொல்லிவிட்டுப் போனான்.

மன்னரின் முகத்தில் மறுபடி வெளிச்சம் வந்தது. உடனே விசாரணையைத் தொடங்கினார். மழைக்காலம் வந்து போயிற்று. கார் மேல் பறவைகள் குடியேறின. ஒரு நாள் மன்னர் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியபோது காரைக் காணோம். மனைவி காலையில் ஒரு போன் பேசியிருந்தாள். மச்சானுக்குக் கார் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது, கண்ணாடிகூட மாற்றிவிட்டான். மன்னர் மட்டும் அடிக்கடி அவனைக் கூப்பிடுகிறார்: "மாப்ளே, வந்தது உன் கார்தான்னு நல்லாத் தெரியுமா?"

சிரித்தீர்களா? நல்லது. ஆனால் இவ்வளவு நேரமாக உங்கள் மனசின் ஒரு மூலையில், 'அந்த லாரிக் கம்பெனி பெயர் என்ன? கேட்டு வைத்துக்கொண்டால் நமக்கும் என்றைக்காவது உதவுமே; ஒரு போன் போட்டு நாலு கேள்வி கேட்டுப் பார்க்கலாமே' என்று ஒரு நமைச்சல் இருந்துகொண்டே இருந்ததா, இல்லையா?

பெயரைச் சொல்ல மாட்டேன். நல்ல மனிதர்கள், நன்றாக இருக்கட்டும்.