முந்தல் பண்ணைக்குப் புதிய பதிப்பு

"இந்தப் பதிப்பை அறியேன்" என்றது திரை. மூன்றாவது முறையாக.

முந்தல் இறால் பண்ணையிலிருந்த கணினி விடியற்காலையில் தானாகவே இயங்குதளத்தின் புதிய பதிப்புக்கு மாறியிருந்தது. புத்தளத்தில் வீட்டிலிருந்தபடி ஹில்மி எழுதிய வி.பி.என். நிறுவும் மென்பொருளுக்கோ பழைய பதிப்புகளை மட்டுமே தெரியும். அந்த வி.பி.என். என்ற தனிப் பாதை வழியாகத்தான் பண்ணைக் கமராக்களின் படம் சிலாபத்தில் இருக்கும் முதலாளி ஜபார் ஹாஜியாரின் கைபேசிக்குப் போகும். ஹாஜியார் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் இன்னும் ஒன்பது பண்ணைகள் ஹில்மியிடம் வரும். சொல்லாவிட்டால் அவன் கொழும்பில் வேலை தேட வேண்டும்.

புதிய பதிப்பை முறையாகச் சேர்க்க நேரம் பிடிக்கும். ஹில்மி குறுக்குவழியில் போனான். புதியதைப் பழையது என்று மென்பொருளிடம் ஒரு வரியில் பொய் சொன்னான். அது நம்பியது. பழைய பாதுகாப்பு விதிகளைப் புதிய இயங்குதளத்தில் போட்டது. வெளியிலிருந்து உள்ளே போகும் எல்லா வழியும் அடைபட்டது.

மனைவி ஸம்ஹா தேநீருடன் வந்தாள்.

"என்ன, முகம் கறுத்திருக்கு?"

"பண்ணைக் கொம்பியூட்டரப் பூட்டிட்டன்."

"நல்லதுதானே. கள்ளன் போக ஏலா."

"நானும் போக ஏலா."

அவள் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்து நீட்டினாள்.

பண்ணை வாசலில் காவலாளி அருளப்பு கதிரையை விட்டு எழவில்லை.

"ஏலாது தம்பி. முதலாளிட சட்டம். புது ஆள் வந்தா கேட் கமராவுல முகத்தக் காட்டோணும். அவர் பாத்து ஓம் எண்டாத்தான் திறப்பன்."

"கமரா வேல செய்யல்ல அண்ணன்."

"அப்ப திருத்திப்போட்டுக் காட்டுங்க."

"திருத்தத்தான் உள்ள போகணும்!"

"உள்ள போகத்தான் முகத்தக் காட்டோணும்."

உள்ளே குளங்களில் நீருக்குக் காற்றூட்டும் சக்கரங்கள் சுழலும் சத்தம் கேட்டது.

ஹில்மி வேலியோரம் முட்செடிகளுக்குள் குந்தி, மடிக்கணினியில் பண்ணையின் வைஃபையைப் பிடித்தான். ரவுட்டரை அணைத்துப் போட்டால் வழி திறக்கலாம் என்று நினைத்தான். வழி திறக்கவில்லை. அதோடு, அதுவரை ஹாஜியாரின் கைபேசியில் உறைந்து நின்ற காலைப் படமும் மறைந்தது. உடனே அழைப்பு வந்தது.

"ஹில்மி, எல்லாம் கறுப்பா கிடக்கே!"

ஹில்மி உண்மையைச் சொல்லிவிட்டுக் கைபேசியை அருளப்புவிடம் கொடுத்தான்.

"முதலாளி, இந்தத் தம்பிய நான் முன்னப் பின்னக் கண்டதில்ல. நீங்க?"

மறுமுனையிலிருந்து ஹாஜியாரின் குரல் வந்தது: "நானும் போன் கோல்லதான் கதைச்சிருக்கன்."

"அப்ப வந்து பாத்துச் சொல்லுங்க."

ஹாஜியார் வந்து சேர்ந்தார். ஹில்மியின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் உள்ளே அனுப்பினார். அவன் கணினியின் முன் அமர்ந்து, இம்முறை பொய் சொல்லாமல், புதிய பதிப்பின் பெயரையும் அதற்குரிய விதிகளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தான். கைபேசியில் பார்க்க ஒன்றுமில்லாததால் ஹாஜியார் குளக்கரைப் பக்கம் நடந்தார்.

சற்று நேரத்தில் அவரது அலறல் கேட்டது. வேலை போயிற்று என்று எண்ணியபடி ஹில்மி ஓடினான்.

இரண்டாம் குளத்தில் இறால்கள் கரையோரம் நீர்மட்டத்தில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. தீனித்தட்டில் போட்டது போட்டபடி கிடந்தது. ஹாஜியார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தன்னிடம் மட்டுமே இருந்த சாவியால் பம்பை இயக்கினார். புதுத் தண்ணீர் பாய்ந்தது. மாலை அஸர் தொழுகைக்கு முன்பே இறால்கள் அடியில் இறங்கின. கமராக்களும் உயிர்பெற்றன.

ஹாஜியார் ஹில்மியைக் கட்டித் தழுவினார்.

"அல்ஹம்துலில்லாஹ்! நாளைக்கு வந்திருந்தா எல்லாம் செத்து மையத்து. மூணு நாளா அருளப்பு, இறால் தீனி எடுக்குதில்ல, வாங்க வாங்க எண்டு கோல் எடுத்தான். கமராவுல சக்கரம் சுத்துதே எண்டு நான் காதுல போடல்ல. நீங்க கமராவ நிப்பாட்டாட்டி வந்திருப்பனா? மத்தப் பண்ணைக்காரருக்கும் நானே சொல்றன்."

ஹில்மிக்குக் கண் கலங்கியது. வாசலில் வண்டியை நிறுத்தி அருளப்புவின் கையைப் பிடித்தான்.

"பெரிய உபகாரம் அண்ணன். ஹாஜியார்ட சட்டத்த நீங்க விடாமப் புடிச்சதாலதான் அவர் வந்தாரு."

அருளப்பு வாசலை அகலத் திறந்துவிட்டார்.

"அது அவர்ட சட்டமில்ல தம்பி. காலையில கமரா லைட் அணைஞ்சதக் கண்ட பொறகு நான் போட்டது."