முப்பத்தேழு பெட்டிகளும் ஒரு பிளேட் பொங்கலும்

தீபாவளிக் கூட்டத்துக்கு அடுத்தபடியாக, தி.நகரில் மனிதர்களை அசையவிடாமல் நிறுத்தும் வல்லமை ‘ஓகே சார்’ ஒருவருக்குத்தான் இருந்தது. சம்பளச் சீட்டில் அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கலாம். நாங்கள் பார்த்ததில்லை.

பாத்திரக்கடை மாடியில் இயங்கிய சின்ன மென்பொருள் கம்பெனியில் அவர் புரோகிராமர். நான் உதவிக் குறிப்புகள் எழுதுபவன். அவற்றை ஒருவரும் படித்ததில்லை. இந்தப் பத்தியை எழுத அது நல்ல பயிற்சி.

இணையப் பக்கங்களை ஆட்டிவைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ‘அலர்ட்’ என்று ஒரு கட்டளை உண்டு. ஒரே வரி. திரை நடுவே பெட்டி குதிக்கும். ஓகே அழுத்தும்வரை பின்னால் ஒன்றும் நகராது. ஓகே சாருக்கு அது போதும். “பேரு எழுதிட்டீங்க.” ஓகே. “அடுத்து வயசு.” ஓகே. “பயப்படாதீங்க, சேமிக்கப் போறேன்.” ஓகே.

ஆளும் அப்படியே. மேஜைக்கு எதிரே வந்து நிற்பார்.

“டிபன் ஆச்சா சார்?”

“ம்.”

“ம்-லாம் வேணாம். ஓகேன்னு சொல்லு, போய்க்கினே இருப்பேன்.”

அடையாறில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு அவர் செய்த பதிவுப் பக்கத்தில் முப்பத்தேழு பெட்டிகள். மேனேஜர் வெடித்தார். “யோவ், ஒரு ஆளைப் பதியறதுக்குள்ள அவனுக்கு வியாதியே சரியாயிடும்யா! வெள்ளிக்கிழமை அங்கே போய்க் காட்டணும். ஒரு பெட்டி வந்தாலும் திங்கக்கிழமை நீ வர வேணாம்.”

ஓகே சார் என்னிடம் வந்தார். “அல்லாத்தையும் எடுத்துட்டேன் சார்” என்றார். ஓகே கேட்காமலே போய்விட்டார். அதுதான் என்னமோ செய்தது.

வெள்ளிக்கிழமை நான்தான் மாதிரி நோயாளி, முகராசி அப்படி. வரவேற்பில் இருந்த ஜோஸ்பின் தட்டத் தட்ட, பக்கம் வழுக்கிக்கொண்டு ஓடியது. மேனேஜர் முகத்தில் பௌர்ணமி. வெறும் வயிற்றுச் சர்க்கரைப் பரிசோதனையைத் தேர்ந்தெடுத்தார் ஜோஸ்பின். குதித்தது பெட்டி.

“இன்னா சாப்ட்டாருன்னு அவரையே கேட்டீங்களா? கேட்டுட்டு ஓகே அமுக்குங்க.”

பௌர்ணமிக்குக் கிரகணம்.

“அய்யோ, கேக்கலையே!” ஜோஸ்பின் என் பக்கம் திரும்பினார். “என்ன சார் சாப்பிட்டீங்க?”

“மயிலாப்பூர்ல ஒரு பிளேட் பொங்கல். ஒரு வடை.”

“ஒரு வடையா?” பின்னாலிருந்து ஓகே சார்.

“ரெண்டு.”

நிலையத்து டாக்டர் சிரித்துவிட்டார். “தினம் யாராவது காபி குடிச்சுட்டு வந்து ரத்தம் குடுக்கறாங்க. மறுநாள் திரும்ப ஊசி. இந்தப் பெட்டி மட்டும் இருக்கட்டும்.”

வாசலில் மேனேஜர் முணுமுணுத்தார். “திங்கக்கிழமை வந்து தொலை.”

ஓகே சார் மேனேஜர் ஏறிய ஆட்டோவை மறித்து நின்றார். “ஓகேன்னு சொல்லு சார்.”

“ஓகேய்யா! வழிய விடு!”

இப்போது ஓகே சார் வேறு கம்பெனியில். பெட்டிகளும் மரியாதை கற்றுக்கொண்டு திரையின் ஓரமாக எட்டிப் பார்த்துவிட்டுத் தாமாகவே மறைகின்றன. போன வாரம் அதே நிலையத்துக்குப் போனேன், இம்முறை நிஜ நோயாளியாக. குதித்தது அதே பெட்டி. “அரை டம்ளர் காபி” என்று ஒப்புக்கொண்டேன். நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டார் ஜோஸ்பின்.

தெருவில் நின்று ஓகே சாருக்குப் போன் செய்தேன்.

“டிபன் ஆச்சா சார்?” என்றார்.

ஓகே சொன்னால் வைத்துவிடுவார். நான் வெகுநேரம் சொல்லவேயில்லை.